மகள் அனுப்பிய தேனீ விடுதி: ஒன்றரை வருடம் கழித்து ஒரு விமர்சனம்

சின்ன வீடு மாதிரி சாய்ந்த கூரை. அதற்குள் மூங்கில் குழாய், பைன் காய், மரச் சுருள். நடுவில் பட்டாம்பூச்சிக்கென்று நீலச் சாயம் பூசிய ஒரு குட்டிக் கதவு. தேனீ விடுதி என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் வாங்கியதல்ல, என் பிறந்தநாளுக்கு மகள் அனுப்பி வைத்தது. “தேனீன்னா உங்களுக்கு உயிராச்சேப்பா” என்றாள். பரிசாக வந்த பொருளை உடனே குறை சொல்ல வாய் வரவில்லை, ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன். பிராண்டின் பெயரைப் போடப் போவதில்லை. இதே அச்சில் பல பெயர்களில் விற்கிறார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகளில் பாதி என் தொழில்புத்தியிலிருந்து வருபவை. 26 வருடம் லேத் பட்டறையில் இருந்தவன். எதைக் கையில் எடுத்தாலும் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். எட்டு வருடமாக மாடியில் இரண்டு தேன் பெட்டி வைத்திருக்கிறேன், கொட்டு வாங்கி உடம்பு பழகிவிட்டது. தேனீயைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற மிதப்பில்தான் பார்சலைப் பிரித்தேன்.

முதல் குளறுபடி அட்டைப்பெட்டி மேலேயே இருந்தது. அறுகோண அறைகளோடு தேனடை, அதன்மேல் வரி போட்ட தேனீ, சொட்டுகிற தேன். இந்த விடுதிக்குள் அந்தத் தேனீ ஒருநாளும் குடிவராது. அதற்கு ராணி, ஆயிரக்கணக்கில் கூட்டம், அடை கட்ட இடம் எல்லாம் வேண்டும். பென்சில் நுழைகிற ஓட்டையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. நாம் பெட்டியில் வைத்துத் தேன் எடுக்கிற வகையும் அதன் நெருங்கிய சொந்தங்களும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீயும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே இடம் பார்த்து, தானே கூடு கட்டி, முட்டையிட்டு, கதவை அடைத்துவிட்டுப் போய்விடும். இவற்றில் பெரும்பகுதி மண்ணுக்குள் வளை தோண்டும். மீதி இனங்கள்தான் காய்ந்த தண்டு, வண்டு துளைத்த மரம், மூங்கில் துவாரம் என்று தேடி அலைகின்றன. இந்தப் பொருள் அந்த மீதிக்கு மட்டும். இவ்வளவையும் அட்டையில் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானே எட்டு வருடம் இது தெரியாமல்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

சரி, பொருளுக்கு வருகிறேன். குழாய்கள் 42. வெர்னியரில் பார்த்தால் உள்விட்டம் 3 மில்லிமீட்டரிலிருந்து 14 வரை கலந்து கட்டி இருந்தது. 4-லிருந்து 10-க்குள் இருந்தால் ஏதோ ஒரு தேனீக்குப் பொருந்தும். அதற்கு மேல் போனால் சிலந்திக்குத்தான் வசதி. விட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம், ஆழம்தான் தாங்கவில்லை: எட்டரை சென்டிமீட்டர். பாதிக் குழாய்கள் பின்பக்கமும் திறந்தே இருந்தன. பின்னால் அடித்திருந்த மெல்லிய ஒட்டுப்பலகைக்கும் குழாய்க்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. பின்வாசல் திறந்து கிடக்கிற குழாயில் எந்தத் தாயும் முட்டை வைக்காது. அப்படியே வைத்தாலும் எறும்பும் ஒட்டுண்ணிக் குளவியும் பின்வழியாக வந்துவிடும். அப்புறம் வெட்டின வாய். ரம்பத்தில் அறுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், சுற்றிலும் பிசிறு. உள்ளே போன தேனீ பல நேரம் பின்னோக்கி ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். அந்தப் பிசிறு இறக்கையைக் கிழித்துவிடும். எங்கள் பட்டறையில் இப்படிப் பிசிறோடு ஒரு பீஸை வெளியே அனுப்பினால் அது மறுநாளே திரும்பி வரும், கூடவே திட்டும் வரும்.

எட்டரை சென்டிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எனக்கும் முதலில் தெரியாது, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தனித் தேனீ குழாயின் உள்கோடியிலிருந்து ஆரம்பிக்கும். பூந்தூளையும் பூத்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைக்கும், அதன்மேல் ஒரு முட்டை இடும், ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும். அடுத்த உருண்டை, அடுத்த முட்டை, அடுத்த சுவர். இப்படியே வாசல் வரை ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரும். இதில் உள்கோடியில் இருப்பவை பெண் முட்டைகள், வாசல் பக்கம் இருப்பவை ஆண். இது தற்செயல் இல்லை, தாயே முடிவு செய்து வைப்பது. விந்து சேர்த்து முட்டையிட்டால் பெண், சேர்க்காமல் இட்டால் ஆண். ஆண்கள் முதலில் வெளியே வந்து காத்திருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்கு வாசல் பக்கம். குழாய் குட்டையாக இருந்தால் உள்ளே ஆழமான இடமே கிடையாது என்று தாய் கணக்குப் போடுகிறது, ஆண் முட்டையாக வைத்துவிட்டுப் போகிறது. 15 சென்டிமீட்டராவது வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். அழகுக்காகக் குட்டையாகச் செய்த பெட்டி வருடத்துக்கு வருடம் ஆண் தேனீக்களாகப் பெற்றுத் தள்ளும். அடுத்த தலைமுறைக்குக் கூடு கட்டுவது யார்?

பைன் காயையும் மரச் சுருளையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவற்றால் தேனீக்கு எந்த உபயோகமும் இல்லை. பட்டாம்பூச்சிக் கதவுக்குள் ஒரு பட்டாம்பூச்சியையும் நான் பார்க்கவில்லை, ஒரு பல்லிக் குட்டியைப் பார்த்தேன்.

விற்றவர்களுக்கு இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது, அதைப் பாராட்ட வேண்டும். “தங்கள் தோட்டத்துக்கு அழகு சேர்க்கும் வகையில் இயற்கைப் பொருட்களால் வடிவமைக்கப்பட்டது” என்றார்கள். ஆழத்தைப் பற்றிக் கேட்டதற்கு, இன்னும் பெரிய அளவிலும் கிடைக்கும் என்று ஒரு படம் அனுப்பினார்கள். அதில் இரண்டு மாடி, நான்கு பைன் காய். ஆழம் அதே ஆழம்.

முதல் நான்கு மாதம் வாடகைக்கு ஆள் வரவில்லை. கூடவே கொடுத்திருந்த கயிற்றில்தான் மாட்டியிருந்தேன், காற்றடித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஆடுகிற வீட்டில் யார் குடியிருப்பார்? பிறகு கயிற்றை அறுத்துப் போட்டு, இரண்டு இரும்புத் தாங்கி அடித்து, காலை வெயில் நேராக விழுகிற சுவரில் நெஞ்சு உயரத்தில் இறுக்கி மாட்டினேன். பத்தாவது நாள் ஒரு குளவி வந்தது, செயலிழந்த பச்சைப் புழு ஒன்றைச் சுமந்துகொண்டு. அதற்கடுத்த வாரம் வந்தாள் இலைவெட்டி, தனித் தேனீக்களில் ஒரு வகை.

இவளைப் பற்றி எழுதாவிட்டால் இந்த விமர்சனம் அநியாயமாகிவிடும். ரோஜாச் செடியில் இலைகள் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். ஏதோ புழு என்று நினைத்து மருந்தடிக்கக்கூட இருந்தேன். அன்று கண்ணெதிரே நடந்தது. இலை விளிம்பைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோல் போல வாயால் வெட்டிக்கொண்டே சுற்றி வருகிறாள். பத்துப் பன்னிரண்டு விநாடிதான். வெட்டி முடிகிற நேரம் துண்டோடு சேர்ந்து விழப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை அடித்து, துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டி அணைத்தபடி குழாயை நோக்கிப் பறந்துவிட்டாள். அறையின் சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு. அந்த வட்டம் குழாயின் உள்விட்டத்துக்கு அவ்வளவு கச்சிதம். கீழே விழுந்த ஒன்றை எடுத்து அளந்து பார்த்தேன், 7 மில்லிமீட்டர் குழாய்க்கு அதைவிட முடியளவு பெரிதாக வெட்டியிருந்தாள், அழுத்தி அடைத்தால் நிற்கும்படி. எங்கள் பட்டறையில் புதுப் பையன்களுக்கு இந்த இறுக்கப் பொருத்தம் கைவர ஒரு வருடம் ஆகும். ஒரே ஓர் அறைக்கு 14 இலைத் துண்டு எண்ணினேன். அதன்பின் பூந்தூள் சுமக்கும் வேலை. நம் பெட்டித் தேனீ பின்காலில் மூட்டை கட்டிக் கொண்டுவரும். இவள் வயிற்றின் அடிப்பக்க ரோமத்தில் அப்பிக்கொண்டு வருகிறாள், மல்லாந்து விழுந்தால் மஞ்சள் தூரிகை மாதிரி தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தும் ஒருமுறைகூடக் கொட்டவில்லை. கொட்ட முடியும், ஆனால் காக்க வேண்டிய தேன் கிடங்கு எதுவும் இவளுக்கு இல்லையே. நசுக்கினால்தான் கொட்டுவாள்.

ஒரு சின்ன விலகல். 2019-இல் இந்தோனேசியத் தீவு ஒன்றில் வாலஸின் ராட்சதத் தேனீயை உயிரோடு படம் பிடித்தார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன் ஓர் ஆய்வாளர் அதைக் கண்டது 1981-இல். கட்டைவிரல் நீளத் தேனீ அது. இந்த இலைவெட்டிகளின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் சுவரில் குடியிருப்பவள்மேல் மரியாதை கொஞ்சம் கூடிப்போனது.

ஏழு குழாய்கள் பச்சை மூடி போட்டு அடைபட்டன. மகளுக்குப் படம் அனுப்பினேன், இருவருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் மழை வந்தது. இங்கேதான் இந்தப் பொருளின் மிகப் பெரிய குற்றம் தெரிந்தது. கூரை முன்னால் நீட்டிக்கொண்டே இல்லை, வாசலோடு வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சாரல் நேராகக் குழாய்க்குள். எடுத்து உலர்த்தலாம் என்றால் குழாய்கள் அத்தனையும் பசையால் ஒட்டப்பட்டவை, ஒன்றைக்கூட உருவ முடியவில்லை. மூங்கில் குழாய்களுக்கு மேலே ஒரு மரத்துண்டிலும் துளை போட்டு வைத்திருந்தார்கள். வளையம் தெரிகிற குறுக்குவெட்டு முகத்தில் போட்டதால் அதற்கு முந்தைய வெயிலிலேயே அது நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. வெடிப்பு வழியே தண்ணீர், தண்ணீர் வழியே பூஞ்சை. மரத்தில் துளை போடுகிற எவரும் பட்டையிருந்த பக்கத்திலிருந்து குறுக்காகப் போட வேண்டும், அப்போதுதான் வெடிக்காது.

கடைசியில் உளி வைத்துப் பெயர்த்தேன். அடைபட்ட ஏழு குழாய்களைப் பிளந்து பார்த்ததில் மூன்று முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஒன்றில் குயில் தேனீ. அப்படியும் ஓர் இனம் இருக்கிறது, பின்பக்கம் ஊசி மாதிரி கூம்பியிருக்கும். இலைவெட்டி வெளியே போன நேரம் பார்த்து அவள் கூட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும், அந்தக் குஞ்சு இவள் சேர்த்த உணவைத் தின்று வளரும். அது இயற்கை, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் மரத்தில் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று சிதறியிருக்க வேண்டிய கூடுகளை நாம் ஒரே இடத்தில் 42 அடுக்கி வைத்து, சுத்தம் செய்யவும் வழியில்லாமல் பசை போட்டு ஒட்டினால், ஒட்டுண்ணிக்கும் பூஞ்சைக்கும் பந்தி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. கனடாவின் டொரன்டோவில் கிட்டத்தட்ட 600 விடுதிகளை மூன்று வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அவற்றில் கூடு கட்டிய தேனீக்களில் ஏறக்குறைய பாதி வெளியிடத்திலிருந்து வந்து சேர்ந்த இனங்கள். ஒவ்வொரு வருடமும் முக்கால்வாசி விடுதிகளில் குளவிகள் இருந்திருக்கின்றன. மாட்டிவிட்டாலே தேனீ இனம் பிழைத்துவிடும் என்று அட்டையில் அச்சடிப்பதற்கு முன் இதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம்.

தூக்கிப் போட மனம் வரவில்லை, மகள் முகம் ஞாபகம் வந்தது. பைன் காய், சுருள், நீலக் கதவு எல்லாவற்றையும் பிடுங்கினேன். பக்கப் பலகைகளுக்குப் பின்னால் நீட்டல் கொடுத்து ஆழத்தை 18 சென்டிமீட்டர் ஆக்கினேன். பழைய உத்திரக் கட்டை ஒன்று கிடந்தது, ஏழு அங்குலக் கனம், சாயமோ மருந்தோ படாதது. அதில் நீளமான பிட் போட்டு 6, 8, 9 மில்லிமீட்டரில் முப்பது துளை, ஒவ்வொன்றும் பதினைந்தரை சென்டிமீட்டர் ஆழம், மறுபக்கம் வெளியேறாமல். வாயை உப்புத்தாளால் வழித்தேன். ஒவ்வொரு துளைக்குள்ளும் சாதாரணக் காகிதத்தைச் சுருட்டி, உள்முனையை மடித்து மூடிச் செருகினேன். பருவம் முடிந்ததும் காகிதத்தை மட்டும் உருவிப் பார்க்கலாம், எல்லாம் பறந்து போன பிறகு புதுச் சுருள் போடலாம். கூரைக்கு முன்னால் நாலு விரல் தகடு நீட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

அடுத்த பருவத்தில் முப்பதில் பத்தொன்பது அடைந்தன. பதினொன்றில் இலை மூடி, ஐந்தில் மண் பூச்சு, மூன்றில் பிசின் மாதிரி பளபளப்பாக ஏதோ. பூஞ்சை பிடித்தது ஒன்றே ஒன்று.

இதனால் என் தேன் பெட்டிகளைப் பார்க்கிற கண்ணும் கொஞ்சம் மாறிவிட்டது. மூன்றாவது பெட்டி வைக்கலாம் என்றிருந்தேன், இப்போது இல்லை. உலகம் முழுக்கக் கணக்கெடுத்தால் வளர்ப்புத் தேனீப் பெட்டிகள் 1961-இலிருந்து கூடித்தான் வந்திருக்கின்றன. வளர்க்கிற தேனீக்கு வைத்தியம் பார்க்க நாம் இருக்கிறோம், பூவில்லாத காலத்தில் சர்க்கரைக் கரைசல் வைக்கவும் நாம் இருக்கிறோம். இலைவெட்டிக்கு யார்? இத்தனைக்கும் அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரைமசால் விதை எடுக்க இலைவெட்டிகளில் ஒரு வகையைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பூவைத் தட்டித் திறக்கப் பெட்டித் தேனீக்குப் பிடிக்காது. இரண்டு பெட்டி என்றால் ஒரு லட்சம் வாய் வரை போகும், அத்தனையும் அதே ரோஜாவுக்கும் அதே செடிகளுக்கும்தான் போகின்றன. நோயும் பூ வழியாகக் கைமாறும். பெட்டித் தேனீயின் இறக்கையைச் சுருங்க வைக்கும் வைரஸ் காட்டில் வாழும் வண்டுத்தேனீக்களிலும் (பம்பிள்பீ) இருப்பதை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டோடு நிறுத்திவிட்டு, பழைய அடையை மாற்றுவது, தேனை வழித்து எடுக்காமல் அவற்றுக்கும் விட்டுவைப்பது என்று இருப்பதை ஒழுங்காகப் பார்க்கிறேன். மூன்றாவது பெட்டிக்கென்று கீழே ஒதுக்கிய மூலையில் சிமென்ட் போடாமல் வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன், மண்ணில் வளை தோண்டுகிற கூட்டத்துக்காக. விற்பனைக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது பாருங்கள், வெறும் மண்ணை யார் அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்கள்? ரோஜாவுக்கு மருந்தடிக்கிற டப்பாவும் போய்விட்டது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் மூன்று நியோனிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டபோது படித்த பெயர்களில் ஒன்று அந்த டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு: படத்தைப் பார்க்காதீர்கள், விவரத்தில் ஆழம் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். போடவில்லை என்றால் குறைவு என்று அர்த்தம். குழாயைத் தனியே உருவ முடியுமா என்று கேளுங்கள், கண்ணாடி, பிளாஸ்டிக் குழாய் என்றால் வேண்டவே வேண்டாம், ஈரம் வெளியேறாது. பைன் காய் இருந்தால் அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள். வந்த நிலையில் இதற்கு 5-க்கு 1 கொடுப்பேன், அதுவும் கூரைப் பலகை நல்ல மரம் என்பதற்காக. வீட்டில் ட்ரில் இருப்பவர்களுக்கு ஒரு கட்டை போதும்.

போன வாரம் மகள் வீடியோ காலில் வந்தாள். பின்னால் இலைவெட்டி ஒருத்தி பச்சைத் துண்டோடு போய்வந்துகொண்டிருந்தாள். “பாத்தீங்களாப்பா, நான் வாங்கிக் குடுத்தது எப்படி வேலை செய்யுதுன்னு” என்றாள். அவள் வாங்கிக் கொடுத்ததில் இப்போது மிச்சம் இருப்பது கூரையும் இரண்டு பக்கப் பலகையும்தான். போனைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கூரையைக் காட்டினேன்.